தொடும் முன் கேள்

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை வந்தால் குறைதீர் நாள். பட்டா கேட்டும், சுடுகாட்டுக்குப் பாதை கேட்டும், முதியோர் பணம் ஏன் நின்றுபோனது என்று கேட்டும் நம் சனங்கள் விடிகாலையிலேயே பஸ் பிடித்து வந்து வரிசையில் நிற்கிறார்கள். மனுவை வாங்கிப் பதிவு செய்து ஒரு எண்ணைக் கொடுக்கிறார்கள். அந்த மனு அப்புறம் எந்த மேசையில் தூங்கும் என்பது வேறு கதை. ஆனாலும் 'உன்னிடமிருந்து இதை வாங்கிக்கொண்டோம்' என்று அரசாங்கம் ஒத்துக்கொள்கிற ஒரு துண்டுத்தாள் கையில் இருக்கிறது. ஒரு காகிதத்தை வாங்குவதற்கே இந்த நாட்டில் இவ்வளவு ஒழுங்கு உண்டு.

இதே வேங்கிக்காலிலும் சுற்றுப்பட்ட சேரிகளிலும் சமீபத்தில் பிள்ளை பெற்ற பெண்களிடம் கொஞ்சநேரம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். "நாள் தாண்டிடுச்சின்னு போனேன். கை விட்டுப் பாத்தாங்க. உயிர் போயி உயிர் வந்துச்சி. ஊட்டுக்கு வந்தா லேசா ரத்தம் படுது. ராத்திரிக்கெல்லாம் இடுப்பு வலி. மறுநா புள்ள பொறந்துடுச்சி" என்பார்கள். கை விட்டு இன்னா பண்ணாங்க என்று கேட்டால், "அது தெரியாதுங்க, செக்கப்புன்னு நெனச்சேன்" என்று பதில் வரும்.

அது செக்கப்பாகவும் இருக்கலாம். வேறொன்றாகவும் இருக்கலாம். எது என்று அந்த உடம்புக்குச் சொந்தக்காரிக்கே தெரியவில்லை என்பதைப் பற்றித்தான் இந்த இதழின் தலையங்கம். பஞ்சமி நிலமும் இட ஒதுக்கீடும் எழுதவேண்டிய இடத்தில் பிரசவ வார்டு எங்கிருந்து வந்தது என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

அந்த 'வேறொன்று' என்ன என்பதை முதலில் பார்ப்போம். நிறைமாதத்தில் கருப்பையின் வாய் கொஞ்சம் கொஞ்சமாக மெத்தென்று ஆகி, குட்டையாகி, விரல் நுழையும் அளவுக்கு நெகிழ ஆரம்பிக்கும். அப்போது மருத்துவரோ செவிலியரோ கையுறை போட்ட விரலை அந்த வாய் வழியாக உள்ளே செலுத்தி, பனிக்குடத்தின் சவ்வு கருப்பையின் கீழ்ச்சுவரோடு ஒட்டியிருக்கிற இடத்தில் வட்டமாகச் சுழற்றி, அந்த ஒட்டை விடுவிப்பார். பனிக்குடம் உடைவதில்லை, அதன் தோல் மட்டும் சுவரிலிருந்து பிரிகிறது. அப்படிப் பிரியும்போது அந்த இடத்திலேயே புரோஸ்டாகிளாண்டின் என்ற சுரப்பு வெளிப்படும். அது கருப்பை வாயை மேலும் இளக்கி வலியைத் தூண்டும். ஊசி இல்லை, மருந்து இல்லை, சல்லிக்காசு செலவில்லை. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் வேலை. மருத்துவர்கள் 'ஸ்வீப்' என்கிறார்கள், சிலர் 'ஸ்ட்ரிப்பிங்' என்கிறார்கள். 1810 இல் எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற பேறுகால மருத்துவர் இதை எழுதி வைத்தார். இருநூறு வருசத்துக்கு மேலாக உலகம் முழுக்க நடக்கிறது.

இது கெட்ட காரியமா? இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே சதி என்று கூவுகிற பழக்கம் நம்மிடம் கொஞ்சம் உண்டு. 41 வாரம் தாண்டியும் வலி வராவிட்டால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஆபத்து மெல்ல ஏறத்தான் செய்கிறது. அப்போது ஜெல் வைப்பது, மாத்திரை வைப்பது, டிரிப்ஸில் ஆக்சிடோசின் ஏற்றுவது என்று வலியை வரவழைக்க வேண்டியிருக்கும். அதைவிட இந்த விரல் வேலை எளிது. 2005 இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வின் கணக்குப்படி, 8 பெண்களுக்கு ஸ்வீப் செய்தால் அதில் ஒருத்திக்கு மருந்து கொடுத்து வலி வரவழைக்கும் தேவை இல்லாமல் போகிறது. 2020 இல் அதே தொகுப்பாய்வைப் புதுப்பித்தபோது 44 ஆய்வுகளில் 6,940 பெண்களைப் பற்றிய தகவல்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். தானாக வலி வரும் வாய்ப்பு கூடக்கூடும். ஆனால் சான்றின் உறுதி குறைவு. சிசேரியன் குறைவதாகத் தெளிவாகத் தெரியவில்லை. தாய்க்கோ பிள்ளைக்கோ பெரிய கெடுதல் கூடுவதாகவும் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011 இலேயே இதைப் பரிந்துரைத்திருக்கிறது.

ஆக, நல்லது. ஆனால் வலிக்கும். சிலருக்கு நன்றாகவே வலிக்கும். லேசாக ரத்தம் படும். ஒழுங்கில்லாத வலி வந்து இரண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துவிட்டு, அப்புறம் ஒன்றுமில்லாமல் அடங்கியும் போகலாம். சிலருக்குப் பனிக்குடம் உடைந்துவிடுவதும் உண்டு. நஞ்சு கீழே இறங்கி வாயை அடைத்திருந்தால் செய்யவே கூடாது. இதெல்லாம் பயமுறுத்தச் சொல்வதல்ல. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் ரத்தத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் 'புள்ளைக்கு இன்னா ஆச்சோ' என்று நடுராத்திரியில் அலறமாட்டாள். அவள் புருசன் ஆட்டோவுக்குக் கடன் வாங்கி ஓடமாட்டான். பிரிட்டனில் நைஸ் என்ற அமைப்பு 2021 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 39 வாரம் முடிந்தபின் இதைச் செய்துகொள்ள விருப்பமா என்று பெண்ணிடம் கேளுங்கள், வலியும் ரத்தமும் வரலாம் என்று விளக்குங்கள், அவள் வாயால் சம்மதம் சொன்னபிறகு செய்யுங்கள் என்று இருக்கிறது. வேண்டாம் என்றால் செய்யக்கூடாது. அவ்வளவுதான் விசயம்.

இந்த 'அவ்வளவுதான்' நம் பெண்களுக்கு ஏன் கிடைப்பதில்லை?

எந்த மருத்துவமனை, எந்த டாக்டர் என்று பெயர் போட்டு எழுதுங்கள் என்று ஒரு தோழர் சொன்னார். எழுதப்போவதில்லை. பெயர் போட்டால் அது ஒரு கட்டிடத்தின் தவறாக, ஒரு ஆளின் தவறாகச் சுருங்கிவிடும். அந்த ஆளை இடம் மாற்றினால் தீர்ந்தது என்று ஆகிவிடும். இது ஒரு ஆளின் கையில் இருக்கிற பழக்கமல்ல. அரசு வார்டிலும் தனியார் நர்சிங் ஹோமிலும், சென்னையிலும் பாட்னாவிலும், உடம்பைப் படிக்கக் கற்றுக்கொடுத்து, உடம்புக்குள் இருக்கும் ஆளைப் பார்க்கக் கற்றுக்கொடுக்காத ஒரு பயிற்சியின் பழக்கம்.

அந்த ஆள் யார் என்பதைப் பொறுத்து அந்தப் பழக்கம் மாறும் என்பதை மட்டும் மறக்கவேண்டாம். காரில் வந்து இறங்குகிற அம்மாவிடம் 'மேடம், ஒரு சின்ன எக்ஸாமினேஷன்' என்று குரல் இறங்குகிறது. கரும்பு வெட்டப் போய்வந்த பெண்ணிடம் 'ஏ, கால அகட்டு' என்று ஏறுகிறது. வலியில் கத்தினால் 'படுக்கும்போது சொகமா இருந்துச்சா' என்கிற வசனம். தமிழ்நாட்டுப் பிரசவ வார்டுகளில் இந்த வசனத்தைக் கேட்காத கூலிக்காரப் பெண் உண்டா என்று தேடித்தான் பார்க்கவேண்டும். டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவன் நம்மைத் தொடாமல் இருப்பதன் வழியாக நாம் யார் என்று சொன்னான். இங்கே தொடுவதன் வழியாகச் சொல்கிறார்கள். தீண்டாமை என்றால் தொடாமல் இருப்பது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது. இரண்டிலும் நடப்பது ஒன்றே: எதிரில் இருப்பவள் கேட்கப்பட வேண்டிய ஒரு மனுசி என்பது மறுக்கப்படுகிறது. தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று போலீஸ் பாதுகாப்போடு முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் சனம் கால் வைத்தபோது, உள்ளே விடமாட்டோம் என்ற பூட்டு ஒன்று திறந்தது. உன் உடம்புக்குள் நான் வருவதற்கு உன்னைக் கேட்கவேண்டியதில்லை என்று சொல்கிற சாவி இன்னொருவர் கையில் அப்படியே இருக்கிறது.

பிரசவத்தைத் தொடுகிற வேலை இந்த நாட்டில் எப்போதுமே சாதியின் வேலையாகத்தான் இருந்தது. பிறப்பும் தீட்டு, சாவும் தீட்டு. வடக்கே பல இடங்களில் தொப்புள்கொடி அறுக்கத் தலித் பெண்களைத்தான் கூப்பிட்டார்கள். தமிழ்நாட்டு ஊர்த்தெருக்களில் நாவிதர் சாதியைச் சேர்ந்த மருத்துவச்சி வந்தார். பேறுகாலத் துணியை வெளுக்க வண்ணார் பெண். சேரிக்கு வெளுக்கப் புதிரை வண்ணார் பெண். சேரியில் நம் கிழவிகளே பிள்ளை எடுத்தார்கள். அந்தக் கை ரத்தத்தில் நனைந்தவரை அது இழிதொழில். அதுவே பட்டமும் சம்பளமும் உள்ள தொழிலான பிறகு யார் கைக்குப் போனது என்று பாருங்கள். இன்றைக்கும் பிரசவ மேசையைக் கழுவி விடுகிற, நஞ்சு கிடக்கும் வாளியைத் தூக்கிப் போகிற ஒப்பந்தக் கூலிகள் பெரும்பாலும் யார் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இதைச் சொன்னவுடன் 'அதனால்தான் பழையபடி வீட்டுப் பிரசவமே மேல்' என்று ஒரு கூட்டம் கிளம்பிவரும். இயற்கை, மரபு, பாட்டி வைத்தியம் என்று பேசுகிற அந்தக் கூட்டத்தில் நம் ஆட்களும் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கிழவிகளின் கை தேர்ந்த கைதான். சீரகமும் சுக்கும் தட்டிப் போட்ட கஷாயம் கொடுத்து, அடங்கினால் சூட்டு வலி, ஏறினால் பிள்ளை வலி என்று பிரித்துச் சொன்ன கைதான். ஆனால் ரத்தம் நிற்காமல் போனபோது அந்தக் கையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிள்ளை பெறப் போய்த் திரும்பாத பெண்கள் சேரியில் வீட்டுக்கு ஒருத்தி உண்டு. 2018 ஜூலையில் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் ஆசிரியை ரத்தப்போக்கில் இறந்தார். ஆஸ்பத்திரிக் கட்டில் என்பது நம் பெண்களுக்கு யாரும் சும்மா தூக்கிக் கொடுத்ததல்ல. பாபாசாகேப் 1928 ஜூலையில் பம்பாய் சட்ட மேலவையில் ஆலைப் பெண்களுக்கான பேறுகாலப் பயன் மசோதாவை ஆதரித்து எழுந்து நின்றார். பிள்ளை பெறுமுன்னும் பெற்றபின்னும் உழைக்கும் பெண்ணுக்கு ஓய்வும் காசும் உரிமை என்பது அன்றைக்கு முதலாளிகளுக்குக் கசந்த பேச்சு. வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோதும் சுரங்கப் பெண்களுக்காக அதே வேலையைத் தொடர்ந்தார். அந்த வரிசையில் வந்ததுதான் இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் போட்டுத் தருகிற பிக்மி எண்ணும், முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான 18,000 ரூபாய் உதவியும். விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. உள்ளே போய்விட்டோம். இனி உள்ளே எப்படி நடத்துகிறாய் என்பதுதான் கேள்வி.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தன. நாடே மெச்சுகிற கணக்கு. அதே ஆய்வின் அடுத்த வரிகளையும் படிக்கவேண்டும். நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன், தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. முந்தைய ஆய்வில் மொத்தமே 34 சொச்சம்தான் இருந்தது. 'நாள் கடந்துடுச்சி, தண்ணி கம்மியா இருக்கு, கொடி சுத்தியிருக்கு' என்று கத்திக்குப் படுக்க வைக்கும் ஊரில், விரலால் முடிகிற ஒரு வழி இருக்கிறது என்று ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய பலம்! அவள் தானே கேட்கலாம், 'ஸ்வீப் பண்ணிப் பாக்கலாமா டாக்டர்' என்று. சொல்லாமல் செய்கிறவர்கள் அவளுடைய 'வேண்டாம்' என்ற சொல்லை மட்டும் பறிப்பதில்லை. 'வேண்டும்' என்ற சொல்லையும் சேர்த்துத்தான் பறிக்கிறார்கள்.

நாள் கணக்கைப் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டும். இந்தக் காரியம் முழுக்க நிற்பது அதன்மேல்தான். கடைசித் தீட்டு நாளிலிருந்து 280 நாள் எண்ணித் தேதி குறிக்கிறார்கள். பெங்களூரில் கட்டிட வேலைக்குப் போய் சித்தாளாகக் கல் சுமந்தவள், கரும்பு வெட்டக் குடும்பத்தோடு போய்க் கொட்டகையில் கிடந்தவள், ஏழு மாசத்துக்கு அப்புறம்தான் அம்மா வீட்டுக்கு வந்து அட்டை போடுகிறாள். எந்த மாசம் எந்தத் தேதி என்று கேட்டால் 'அம்மாசைக்கு முன்னாடி' என்பாள். அவளுக்குத் தெரிந்த நாட்காட்டி அது. தப்பில்லை. ஆனால் அட்டையில் எழுதும் தேதி அங்கேயே ஒரு பத்து நாள், பதினைந்து நாள் முன்னேயோ பின்னேயோ போய்விடுகிறது. முதல் மூன்று மாசத்தில் எடுக்கும் ஸ்கேன்தான் இந்தக் கணக்கைத் திருத்தும். ஏழாம் மாச ஸ்கேனில் அவ்வளவு துல்லியம் வராது. இந்த நிலையில் அட்டை 40 வாரம் என்று சொல்லும். பிள்ளைக்கு 38 வாரம்தான் ஆகியிருக்கும். 41 வாரம் முடிந்தது என்று உறுதியாகத் தெரிந்த பெண்களுக்கு வலி வரவழையுங்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 'உறுதியாக' என்ற சொல் அங்கே சும்மா விழவில்லை. உட்காரவைத்து, 'உங்களுக்குத் தேதி சரியா ஞாபகம் இருக்கா, போன தீபாவளிக்கு முன்னாடியா பின்னாடியா' என்று நிதானமாகக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும். சம்மதம் கேட்பது என்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. கேட்கும்போதுதான் அட்டையில் இல்லாத தகவல் வெளியே வருகிறது. பேசவிடாத மருத்துவம் தப்பான மருத்துவமாகவும் ஆகிறது.

கேட்காமல் செய்வது சட்டப்படியும் செல்லாது. டெல்லியில் சமீரா கோலி என்ற பெண் 1995 இல் ஒரு மருத்துவரிடம் போனார். உள்ளே என்ன கோளாறு என்று குழாய் விட்டுப் பார்க்க மட்டும் மயக்கம் கொடுத்தார்கள். மயக்கத்தில் கிடக்கும்போதே வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவிடம் சரி என்று வாங்கிக்கொண்டு, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2008 ஜனவரி 16 இல் தீர்ப்பு வந்தது. வயது வந்த, சுயநினைவுக்கு வரக்கூடிய ஒரு பெண்ணுக்காக அவள் தாய் சம்மதம் கொடுக்க முடியாது. ஒன்றுக்கு வாங்கிய சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்றது நீதிமன்றம். நஷ்டஈடு என்னவோ 25,000 ரூபாய்தான். அந்தத் தொகையைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் தீர்ப்பு நம் கையில் இருக்கிறது. பரிசோதனைக்குப் படுத்த பெண் ஸ்வீப்புக்குச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அதை வைத்துப் பேசலாம். புருசனிடமோ மாமியாரிடமோ வாங்கிய கையெழுத்து அவள் கையெழுத்து ஆகாது என்றும் பேசலாம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018 இல் முன்வைத்த நோயாளிகள் உரிமைப் பட்டயத்திலும் விவரம் அறியும் உரிமை, சம்மத உரிமை இரண்டும் இருக்கின்றன. மருத்துவமனைச் சுவரில் அது தமிழில் தொங்குகிறதா என்று போகிற தோழர்கள் பார்த்து எழுதுங்கள்.

கேட்கப்படாத உடம்புகளின் மேல்தான் இந்த மருத்துவம் கட்டப்பட்டது என்பதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. நம்மூர்ப் பெண் மருத்துவர்கள் எல்லாரும் கையில் எடுக்கிற ஒரு கருவிக்கு 'சிம்ஸ் ஸ்பெகுலம்' என்று பெயர். அந்த சிம்ஸ் என்பவர் அமெரிக்காவின் அலபாமாவில் 1845 முதல் 1849 வரை கறுப்பின அடிமைப் பெண்களின்மேல் மயக்கமருந்து கொடுக்காமல் அறுவை செய்து பார்த்துத் தொழில் கற்றவர். அனார்கா, பெட்சி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அனார்காவை மட்டும் 30 தடவை அறுத்தார். அடிமைக்குச் சம்மதம் ஏது? எஜமானன் சம்மதித்தான், போதும். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் நின்ற அந்த ஆளின் சிலையை 2018 ஏப்ரலில்தான் கறுப்பினப் பெண்கள் போராடி எடுக்க வைத்தார்கள். சிலை போய்விட்டது. கருவியின் பெயர் போகவில்லை.

அலபாமா தூரம் என்றால் பக்கத்திலேயே இருக்கிறது. செசிலியா வான் ஹோலன் என்ற மானுடவியலாளர் 1995 இல் சென்னையிலும் அதன் புறநகர்க் கிராமத்திலும் ஏழைப் பெண்களோடு இருந்து எழுதிய ஆய்வு 2003 இல் புத்தகமாக வந்தது. பிரசவம் முடிந்த கையோடு, பெண்ணிடம் சொல்லாமலே கருத்தடை வளையத்தை உள்ளே வைத்து அனுப்பியதைப் பெண்கள் அதில் சொல்லியிருக்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக் கணக்கை நிரப்பவேண்டும். அதற்கு ஏழை வயிறு வேண்டும். விரல், வளையம், ஊசி என்று உள்ளே போவது மாறுகிறது. வாய் திறந்து கேட்காதது மட்டும் மாறவில்லை.

இதை மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் செங்கல்பட்டுப் பக்கம் கைகாட்டுங்கள். திருக்கழுக்குன்றத்தைச் சுற்றிய கிராமங்களில் 1981 இல் சுந்தரி ரவீந்திரனும், பெரும்பாலும் தலித்துகளான உள்ளூர்ப் பெண்களும் சேர்ந்து ருவ்செக் என்ற அமைப்பைக் கட்டினார்கள். கூலிப் பெண்களே உடம்பைப் பற்றிப் படித்து, படம் வரைந்து, பக்கத்து ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்குக் கருப்பை வாய் என்றால் என்ன என்று புரியாது என்று சொல்கிற மருத்துவர்களுக்கு அதுதான் பதில். இடுக்குப் பிள்ளையார் கோயிலில் தலையை நுழைத்து, தோளைத் திருப்பி, உடம்பை வளைத்து வெளியே வருகிற நம்மூர்ப் பெண்களுக்குப் பிள்ளை வரும் வழியை விளக்கவா முடியாது?

நம் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இட ஒதுக்கீட்டுக்காகத் தெருவில் இறங்கியதால்தான் இன்றைக்கு நம் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியிலும் நர்சிங் கல்லூரியிலும் இருக்கிறார்கள். திருவண்ணாமலையிலேயே 2013 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. நீங்கள் தொழில் கற்பது யார் உடம்பில்? தனியார் நர்சிங் ஹோமில் அறை எடுத்தவள் உடம்பில் அல்ல. பெரியாஸ்பத்திரிக்கு வந்த உங்கள் அத்தை, உங்கள் சின்னம்மா போன்றவர்களின் உடம்பில். ஒரே பெண்ணை ஒரே ராத்திரியில் சீனியர் ஒரு தரம், அவர் பின்னால் ஜூனியர் ஒரு தரம் கை விட்டுப் பார்ப்பது படிப்பின் பெயரால் நடக்குமானால், அந்த வரிசையில் நிற்கும் நீங்களாவது ஒரு வினாடி நின்று, 'அக்கா, நான் படிக்கிற பையன், உங்களைப் பரிசோதிக்கலாமா, வேணாம்னா சொல்லுங்க' என்று கேளுங்கள். சீனியர் முறைப்பார். மதிப்பெண்ணில் கைவைப்பாரோ என்ற பயமும் நியாயம்தான், அதிலும் கோட்டாவில் வந்தவன் என்று ஏற்கெனவே முத்திரை குத்தியிருக்கும்போது. தனியாகக் கேட்கமுடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். நாற்பது பேருக்கு ஒரே ஆளாய் ராப்பகல் நிற்கிற பயிற்சி மருத்துவரின் களைப்பை நாம் அறிவோம். இரவுப் பணிச் செவிலியரின் பாட்டையும் அறிவோம். ஆள் போடு என்று அரசைக் கேட்கும் போராட்டத்தில் அவர்களோடு நிற்போம். அதற்காக, கேட்க நேரமில்லை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டோம். ஏனென்றால் கேட்க ஆகும் நேரம் இவ்வளவுதான்:

"அம்மா, உங்களுக்கு நாள் ஆயிடுச்சி. கருப்பை வாய் வழியா விரல விட்டு, பனிக்குடத்த ஒட்டுலேர்ந்து லேசா பிரிச்சி விட்டா வலி தானா வர வாய்ப்பிருக்கு. செய்யறப்ப வலிக்கும். அப்பறம் கொஞ்சம் ரத்தம் படலாம், பயப்படாதீங்க. ரொம்பப் போச்சின்னா, தண்ணி ஒடஞ்சா, புள்ள அசைவு கொறஞ்சா ஒடனே வாங்க. செய்யட்டுங்களா? நடுவுல நிறுத்தச் சொன்னா நிறுத்திடறேன். வேணாம்னாலும் ஒன்னுமில்ல, ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாம்."

நிதானமாக வாசித்தாலும் அரை நிமிடம்.

கடைசியாக இயக்கத்துக்குள். ஃபூக்கோவைப் படித்துவிட்டு உடல்மீது அதிகாரம் செயல்படும் நுண்தளங்கள் என்று நம் தோழர்கள் சிறப்பாகவே எழுதுகிறார்கள். அவர்கள் வீட்டில் நிறைமாதக்காரி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூடப்போவது மாமியார்தான். 'அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்' என்பதும் அவர்கள்தான். படிவத்தில் கையெழுத்துப் போடமட்டும் பேனாவோடு வருகிறார்கள். அவளைக் கேட்காமல் தொடுகிற முதல் கை ஆஸ்பத்திரியில் இருப்பதல்ல என்று நம் பெண் தோழர்கள் கூட்டங்களில் சொல்லும்போது, அதைச் சாதி ஒழிப்பிலிருந்து கவனத்தைத் திருப்பும் பேச்சு என்று ஒதுக்குவது இனி நடக்காது. பிரசவத் துணையாக ஒரு பெண் உள்ளே இருக்கலாம் என்று மத்திய அரசு 2016 இலேயே சொல்லியிருக்கிறது. அதை நம் கிளைகளில் எத்தனை பேர் தெரிந்து வைத்திருக்கிறோம்? மகளிர் அணி அடுத்த மாதம் முதல் வேங்கிக்கால் பக்கத்துச் சேரிகளில் மேலே போட்ட அந்த அரை நிமிடப் பேச்சைத் துண்டறிக்கையாக அடித்துக் கொண்டுபோகிறது. மறுபக்கம் பெண் கேட்கவேண்டிய கேள்விகள் இருக்கும்: இப்ப இன்னா செய்யப்போறீங்க, எதுக்கு, செய்யலன்னா இன்னா ஆகும், என் அட்டையில அத எழுதிக் குடுங்க.

துண்டறிக்கையை எழுத உட்கார்ந்தபோது ஒரு இடத்தில் பேனா நின்றுவிட்டது. இந்தக் காரியத்துக்குத் தமிழில் என்ன பெயர்? ஸ்வீப் என்றால் பெருக்குவது. அந்தச் சொல்லை நம் பெண்கள் உடம்புக்குப் போட மனசு வரவில்லை. சவ்வு நீக்கம் என்று எழுதினால் எதையோ வெட்டி எடுப்பதுபோல் இருக்கிறது. 'பனிக்குட ஒட்டு பிரித்தல்' என்று இப்போதைக்கு அச்சடிக்கிறோம். உங்கள் ஊர்க் கிழவிகளுக்கு, பழைய மருத்துவச்சிகளுக்கு இதற்கு வேறு சொல் தெரிந்திருக்கலாம். விசாரித்து ஒரு கார்டு போடுங்கள். அடுத்த அச்சில் அந்தச் சொல்லைப் போட்டுவிடுகிறோம்.